மலக்குடல் ஆபரேஷனுக்குப் பிறகு: மாத்திரையா, பம்பா, ஊசியா?

மலக்குடல் புற்றுக்கு ஆபரேஷன் முடித்து கடலூர் பக்கம் திரும்பும் ஆண்கள், தையல் ஆறியதா, வயிற்றில் ஒட்டிய மலப்பை ஒழுகுகிறதா என்றெல்லாம் டாக்டரிடம் கேட்கிறார்கள். விறைப்பு வரவில்லை என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசியில் பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டும் லாட்ஜ் வைத்தியரிடம் போய் நிற்கிறார்கள். வேண்டாம். இது தாது பலவீனம் அல்ல. விறைப்புக்கான நரம்புகள் இடுப்புக்குள் மலக்குடலை ஒட்டியே ஓடுகின்றன. கட்டியை எடுக்கும்போது அவை இழுபடலாம், வெட்டுப்படவும் கூடும். ரேடியேஷனும் தன் பங்குக்குப் பாதிக்கும். இழுபட்ட நரம்பு தேற ஓராண்டு, இரண்டாண்டுகூட ஆகலாம்.

முதலில் தருவது மாத்திரைதான். சில்டனாஃபிலை உறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும்; பிரியாணி மாதிரி கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். அதன் பலன் நாலைந்து மணி நேரம். டடாலஃபில் 36 மணி நேரம் வரை நிற்கும், சாப்பாட்டைப் பற்றிக் கவலையில்லை. பையைக் காலி செய்து, உடம்பு ஒத்துழைக்கும் நேரம் பார்த்து நெருங்க வேண்டியவருக்கு டடாலஃபிலே தோது என்பேன். ஆனால் நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டையுமே தொடக்கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். டாக்டரைப் பார்க்காமல் மெடிக்கலில் நேராக வாங்காதீர்கள் என்பது இதனால்தான்.

மாத்திரை வேலை செய்ய நரம்பில் கொஞ்சமாவது உயிர் இருக்க வேண்டும். நரம்பு முழுக்க அறுந்தவருக்கு அது கேட்காது. 'இனி அவ்வளவுதான்' என்று பலர் மனம் உடைவது இந்த இடத்தில்தான். பம்புக்கும் ஊசிக்கும் அந்த நரம்பின் தயவு தேவையில்லை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

குறியின் மேல் குழாயாக மாட்டும் வேக்குவம் பம்ப் காற்றை உறிஞ்சி, குறிக்குள் ரத்தத்தை இழுக்கும், அடியில் போடும் வளையம் அதை நிறுத்தி வைக்கும். வளையத்தை 30 நிமிடத்துக்குள் கழற்றிவிட வேண்டும். குறி சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும், பழக நாளாகும், மனைவியும் கூட இருந்து பழகினால் கூச்சம் குறையும். ஊசியில் வரும் விறைப்பு இயல்புக்கு நெருக்கமானது, 5 முதல் 15 நிமிடத்தில் வந்துவிடும். குறியின் பக்கவாட்டில் மெல்லிய ஊசியால் தாமே போட்டுக்கொள்வது. முதல் தடவை டாக்டர் முன்னிலையில் போட்டு அளவைக் கண்டுபிடிப்பார்கள். விறைப்பு 4 மணி நேரம் தாண்டினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் பம்ப், ஊசி இரண்டுக்கும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை தோற்றவருக்கு, கை நடுங்காதவராக இருந்தால், நான் ஊசியையே சொல்வேன்.

ஆபரேஷன் செய்து குறிக்குள் கருவி வைக்கும் இம்பிளான்ட் கடைசிப் படி. வைத்தபின் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் யூராலஜி பிரிவு இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டோடு போய், எந்த ஆபரேஷன், ரேடியேஷன் உண்டா என்பதைச் சொல்லுங்கள். உச்சம் வந்தும் விந்து வரவில்லை, பிறகு சிறுநீர் கலங்கலாகப் போகிறது என்றால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போயிருக்கலாம். அதனால் கெடுதலில்லை, ஆனால் குழந்தைக்குத் தடையாகும். ஆபரேஷனுக்கு இனிமேல்தான் போகப் போகிற இளைஞர்கள், கீமோவும் ரேடியேஷனும் தொடங்கும் முன்பே விந்தணுவைச் சேமிப்பது பற்றிக் கேட்டுவிடுங்கள்.