காட்டில் நடக்க லுவாங்வாவா, க்ரூகரா, மனா பூல்ஸா?

ஆப்பிரிக்கக் காட்டை வண்டியில் சுற்றாமல் நடந்தே பார்ப்பது என்று முடிவெடுத்தவர்கள் முன்னால் வந்து நிற்கும் பெயர்கள் மூன்று: ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா, தென்னாப்பிரிக்காவின் க்ரூகர், ஜிம்பாப்வேயின் மனா பூல்ஸ். மூன்றையும் எடைபோட்டுப் பார்த்து என் ஓட்டு லுவாங்வாவுக்கு. அதனால் இந்த அலசலில் லுவாங்வாவுக்குத்தான் இடம் அதிகம்.

எளிதில் தீரும் விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். யானை, எருமை, சிங்கம், சிறுத்தை, நீர்யானை மூன்று இடத்திலும் உண்டு. காண்டாமிருகம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் க்ரூகர்; தெற்கு லுவாங்வாவில் கள்ளவேட்டை அதை முற்றாக அழித்துவிட்டது. ஒட்டகச்சிவிங்கி மனா பூல்ஸில் கிடையாது. லுவாங்வாவில் இருப்பதோ அந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய தார்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கி. மலேரியா மூன்று இடத்திலும் உண்டு, பழைய மலேரியா மாத்திரையான குளோரோகுயின் பலிக்காது. மருத்துவர் டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தால், ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும் என்பதோடு, அது தோலை வெயிலுக்குச் சீக்கிரம் பொசுக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வெளியில் நடப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நடைக்குச் சேர்ப்பதில்லை.

பணக்கணக்கில் க்ரூகரை யாரும் நெருங்க முடியாது. அங்கே பூங்கா நிர்வாகமே நடத்தும் மூன்று இரவு நடைப்பயணம் சில ஆயிரம் ராண்டில் முடிந்துவிடும். சாப்பாடும் படுக்கையும் அதிலேயே அடக்கம். லுவாங்வாவிலும் மனா பூல்ஸிலும் நல்ல புஷ் கேம்ப்புக்கு, அதாவது காட்டுக்குள் அமைக்கும் சிறு தங்குமுகாமுக்கு, ஓர் இரவுக்கே ஆளுக்குப் பல நூறு டாலர் ஆகும். பணம்தான் முதல் கேள்வி என்றால் க்ரூகரே விடை, தயங்க வேண்டியதில்லை.

அதையும் மீறி லுவாங்வா என்று சொல்லக் காரணம் ஒன்றுதான். துப்பாக்கி யார் கையில் இருக்கிறது, காட்டை நமக்குச் சொல்பவர் யார், இருவரும் ஒருவரா வேறுவேறா என்பது. நடையின் தரத்தை இதைப்போல வேறு எதுவும் தீர்மானிப்பதில்லை.

லுவாங்வாவில் இரண்டும் தனித்தனி ஆள். வரிசையில் முதலில் ரைபிளோடு ஸ்கவுட் போவார். அவர் தேசியப் பூங்கா, வனவிலங்குத் துறையைச் சேர்ந்த அரசு ஊழியர். அடுத்து வெறும் கையோடு வழிகாட்டி. இவர் கேம்ப்பைச் சேர்ந்தவர், தேர்வெழுதித் தகுதி பெற்றவர். அவருக்குப் பின்னால் ஆறேழு விருந்தினர்கள். கடைசியில் தேநீர்ச் சாமான்களைத் தூக்கி வரும் ஆள். அவர் வேலை டீ போடுவதோடு முடிவதில்லை, வரிசையின் வால் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

இந்தப் பிரிவினையால் கிடைப்பது என்ன? தரையில் ஒரு யானைத் தடம் என்று வைத்துக்கொள்வோம். வட்டமாக இருந்தால் முன்கால், நீள்வட்டமாக இருந்தால் பின்கால். முன்கால் தடத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். பாதத்தின் வெடிப்புகள் புழுதியில் வரைபடம் மாதிரிப் பதிந்திருக்கும். அந்தக் கோடுகளின் மேல் வண்டு ஊர்ந்த தடம் குறுக்கே போயிருந்தால் யானை கடந்து நேரமாகிவிட்டது. விளிம்பு கூர் மழுங்காமல் இருந்தால் இப்போதுதான் போயிருக்கிறது. பக்கத்தில் லத்தி கிடந்தால் உடைத்து, நடுவில் விரலை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்ய வழிகாட்டி குனிய வேண்டும், மண்டியிட வேண்டும், காட்டுக்கு முதுகைக் காட்டி நம் பக்கம் திரும்பிப் பேச வேண்டும். நான்கு கிலோவுக்கு மேல் கனக்கும் ரைபிளைக் கையில் வைத்திருப்பவருக்கு இது சிரமம். பொறுப்புள்ளவர் செய்யவும் மாட்டார். லுவாங்வா வழிகாட்டி பத்து நிமிடம் தரையிலேயே உட்கார்ந்திருக்கலாம், ஏனென்றால் ஸ்கவுட்டின் கண் தரைக்கு வருவதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. விருந்தினர் மகிழ்ந்தால் கேம்ப்புக்கு நல்லது, அதனால் இன்னும் பத்தடி கிட்டே போகலாமே என்ற சபலம் எந்த வழிகாட்டிக்கும் வரும். ஸ்கவுட் கேம்ப்பின் சம்பளக்காரர் இல்லை. அவர் தலையசைத்து மறுத்தால் அதோடு சரி, எல்லோரும் திரும்ப வேண்டியதுதான்.

குறையும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. மொத்தக் குழுவுக்கும் ஒரே துப்பாக்கி. அதனால் குழுவை இரண்டாகப் பிரிக்க முடியாது. ஒருவருக்குக் கால் பிசகினால் எல்லோருக்கும் நடை முடிந்தது. ஸ்கவுட்டும் வழிகாட்டியும் ஒருவருக்கொருவர் புதிதாக இருந்தால் சைகைகள் தடுமாறும். கிளம்பும்முன் இருவரும் தங்களுக்குள் பேசி எந்தப் பக்கம் போவது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்கிறார்களா என்று கவனியுங்கள். பேசாமல் நடக்கத் தொடங்கும் ஜோடி நல்ல அறிகுறி இல்லை.

க்ரூகரில் இருவருமே ஆயுதம் ஏந்தியவர்கள். முதன்மை வழிகாட்டி முன்னே, துணை வழிகாட்டி அவருக்கு அடுத்து, பின்னால் அதிகபட்சம் எட்டுப் பேர். ஒரு துப்பாக்கி தவறினால் இன்னொன்று இருக்கிறது. பாதுகாப்பை மட்டும் பார்த்தால் மூன்றிலும் இதுவே உறுதியான ஏற்பாடு. இருவரும் பூங்கா ஊழியர்கள் என்பதால் மேலே சொன்ன சபலமும் குறைவு. ஆனால் விளக்கம் சொல்பவர் கையிலும் ரைபிள் இருக்கிறது. அவர் நின்றபடி சொல்வார், சுருக்கமாகச் சொல்வார், நடையைத் தொடர்வார். க்ரூகர் நடை தூரத்தைக் கடப்பது, லுவாங்வா நடை நின்று பார்ப்பது என்ற வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. வழிகாட்டிக்கு வழிகாட்டி இது மாறும், க்ரூகரிலும் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுபவர்கள் உண்டு.

மனா பூல்ஸில் பெரும்பாலும் ஒரே ஆள். வழியும் அவர்தான், துப்பாக்கியும் அவர்தான். ஆனால் ஜிம்பாப்வேயின் தொழில்முறை வழிகாட்டி உரிமம் ஆப்பிரிக்காவிலேயே கடினமானது என்று பெயரெடுத்தது. எழுத்துத் தேர்வு, பல ஆண்டு தொழில் பழகுதல், கடைசியில் காட்டிலேயே நடக்கும் ஒருவாரச் செய்முறைச் சோதனை என எல்லாம் தாண்டித்தான் அந்தச் சான்று கைக்கு வரும். மரங்களும் துணை நிற்கின்றன. ஜாம்பேசி வெள்ளச் சமவெளியில் நிற்கும் ஃபைடர்பியா மரங்கள் வறட்சியில் தழைத்து மழையில் இலை உதிர்ப்பவை. அடியில் புதர் இல்லாத நிழல் என்பதால் நூறு மீட்டருக்கு அப்பாலும் யானை கண்ணில் பட்டுவிடும். அதன் நெற்றுக்காகப் பின்னங்காலில் எழும்பி நிற்கும் ஆண்யானைகள் அந்த ஊரின் அடையாளம். யானை ஒன்றே போதும் என்பவர்கள் என் பேச்சைக் கேட்காமல் மனாவுக்கே போகலாம். வழிகாட்டி இல்லாமல் தனியாக நடக்கவும் அங்கே அனுமதி வாங்கலாம். காட்டு விலங்குகளோடு பழகாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இனி தரையும் பருவமும். லுவாங்வா ஆற்றோரத்தில் பெரும்பகுதி கரிசல். மழையில் யானையும் நீர்யானையும் அதில் புதையப் புதைய நடக்கும். மழை விட்டதும் அந்தக் குழிகள் அப்படியே இறுகிக் கல்லாகிவிடும். மேலே புல் மூடியிருந்தால் குழி தெரியாது. லுவாங்வாவில் கணுக்கால் சுளுக்குக்கு முதல் காரணம் இதுதான், விலங்கு இல்லை. கணுக்காலை மூடும், ஏற்கெனவே காலுக்குப் பழகிய பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். அதே கரிசலால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை உள்பாதைகளில் வண்டி ஓடாது. மூங்கில், நாணல், புல்லால் கட்டிய புஷ் கேம்ப்புகளைப் பிரித்துவிட்டு அடுத்த ஆண்டு புதிதாகக் கட்டுவார்கள். ஆக, நடைக்காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை.

அதற்குள்ளும் மாதத்துக்கு மாதம் வேறுபாடு பெரிது. ஜூனில் புல் இன்னும் உயரம், காலை நன்றாகக் குளிரும், விலங்குகள் சிதறி நிற்கும். அக்டோபரில் 40 டிகிரியைத் தாண்டும். நீர் வற்றி எல்லா விலங்கும் ஆற்றில் குவியும், காலை 9 மணிக்கே நடை கசந்துவிடும். ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல காலம். செப்டம்பரில் செம்பஞ்சுருட்டான்கள் ஆற்றங்கரைச் செங்குத்து மண்ணில் பொந்து தோண்டிக் கூட்டங்கூட்டமாக அடைய ஆரம்பிக்கும், அது உபரி லாபம்.

க்ரூகரின் தரை நடக்க எளிது. தெற்கில் கருங்கல் குன்றுகள், கிழக்கே திறந்த சமவெளி. மே முதல் செப்டம்பர் வரை சரியான காலம். அங்கே தொல்லை உண்ணி. புல்லில் தொற்றி ஏறிக் கடித்தால் சில நாள் கழித்துக் கடித்த இடத்தில் கறுத்த பொருக்கும் காய்ச்சலும் வரும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், மாலையில் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குளைத் தடவிப் பாருங்கள். லுவாங்வாவில் அந்த இடத்தைப் பிடிப்பது செட்சி ஈ. துணி மேலேயே கடிக்கும். நீலமும் கறுப்பும் அதை இழுக்கும் நிறங்கள், ஆகவே ஜீன்ஸ் வேண்டாம். காக்கி, மண், பாசி நிறங்களே உத்தமம்.

க்ரூகரைத் தேர்ந்தெடுத்தால் எந்த நடைத்தடம் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். முதல் தடமான வோல்ஹூட்டர் 1978இல் தொடங்கியது. காண்டாமிருகப் பகுதி, பெர்க்-என்-டால் முகாமிலிருந்து அழைத்துப் போவார்கள். சட்டாராவிலிருந்து கிளம்பும் ஸ்வேனி சிங்கத்துக்கும் சமவெளிக் கூட்டங்களுக்கும் ஏற்றது. வடகோடியில் புண்டா மரியாவிலிருந்து போகும் நியாலாலாந்தில் விலங்கு குறைவு, ஆனால் நம் மன்னாரிலும் ராமநாதபுரத்திலும் தனித்தனியாக நிற்கும் பெருக்கமரம் அங்கே தன் சொந்த மண்ணில் நிற்கிறது. மரமும் பறவையும் பிடித்தவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மூன்று இரவு, நடுவே இரண்டு முழு நாள் நடை, மின்சாரம் இல்லாத எட்டுப் படுக்கை முகாம். தினமும் அதே முகாமுக்குத் திரும்புவீர்கள். கூடாரமும் சாப்பாடும் முதுகில் சுமந்து, ஆற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் பேக்பேக் தடங்களும் தனியாக உண்டு. உடம்பு தாங்கும் என்றால் அவை லுவாங்வா கேம்ப்புகளைவிட மேலான காட்டனுபவமாகவும் இருக்கலாம், இதில் எனக்கு அடித்துச் சொல்லும் துணிவில்லை.

லுவாங்வாவில் மாறாக, ஒரு கேம்ப்பிலிருந்து அடுத்த கேம்ப்புக்கு நடந்தே போகலாம். பை வேறு வழியில் வந்து சேரும். விடியும்போது கிளம்பி மூன்று நான்கு மணி நேரம், ஆறிலிருந்து பத்து கிலோமீட்டர். நடுவே நிழலில் தேநீர். நிற்கும் மரம் புளியாகவே இருக்கலாம். புளி ஆப்பிரிக்காவின் பிள்ளை, அங்கே கறையான் புற்றுகளின் மேல் முளைத்து யானைக்கும் குரங்குக்கும் தீனியாகிறது. சிவகுண்டல மரத்தடியில் மட்டும் உட்காராதீர்கள், பல கிலோ கனக்கும் காய் தலைமேல் தொங்கும்.

எங்கே நடந்தாலும் ஒழுங்கு ஒன்றுதான். ஒற்றை வரிசை, முன்னவருக்கும் உங்களுக்கும் கை நீட்டினால் எட்டும் தூரம். படமெடுக்க நின்று பத்து மீட்டர் பின்தங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு; அந்த இடைவெளியில் ஒரு விலங்கு புகுந்தால் துப்பாக்கி எதிர்ப்புறத்தில் இருக்கும். ஸ்கவுட்டின் கையில் சாம்பல் கட்டிய சிறு துணிப்பை பார்க்கலாம். உதறினால் சாம்பல் போகும் திசை காற்றின் திசை. வெயில் ஏறினால் காற்று சுழல ஆரம்பிக்கும், நம் வாடை எல்லாப் பக்கமும் போகும். நடையைச் சீக்கிரம் முடிப்பது சூட்டுக்காக மட்டும் இல்லை. நடுவே மேடும் இருபக்கம் பள்ளமுமாகத் தண்டவாளம் போல ஆற்றை நோக்கி ஓடும் பாதை நீர்யானையுடையது, விடியலில் அதில் நிற்கக் கூடாது. புதருக்குள்ளிருந்து, எருமை மேல் உட்கார்ந்து உண்ணி கொத்தும் ஆக்ஸ்பெக்கர் பறவை கரகரவென்று சீறினால் உள்ளே எருமை இருக்கிறது.

காதை விரித்துத் தலையை உயர்த்தி யானை ஓடி வந்தால் பெரும்பாலும் மிரட்டல், நின்ற இடத்தில் நில்லுங்கள். காது பின்னால் ஒட்டி, துதிக்கை சுருண்டு வந்தால் அது மிரட்டல் இல்லை. அப்போது ஸ்கவுட் சொல்வதைத் தவிர வேறெதையும் செய்யாதீர்கள். சிங்கத்துக்கு ஓடவே கூடாது. தனியாகத் திரியும் கிழட்டு எருமைக்கு மட்டும் மிரட்டல் என்ற கட்டமே கிடையாது. அதனால்தான் அடர்ந்த புதரைக் கண்டால் நல்ல ஸ்கவுட் காரணம் சொல்லாமல் சுற்றிப் போவார். அங்கே ஏன் என்று கேட்க வேண்டாம், தேநீர் வேளையில் கேளுங்கள்.