மட்டக்களப்பில் ஒரு உளவளத்துணை நிலையம்: கிறிஸ்தவத் தம்பதிகள் தயங்காமல் போகலாம்

நிலையத்தின் பெயரை இங்கே போடவில்லை. நடத்துகிற அம்மாதான் வேண்டாமென்றார். யார் யார் படியேறுகிறார்கள் என்று ஊர் பார்க்கத் தொடங்கிவிட்டால் வரவேண்டியவர்கள் வரமாட்டார்கள் என்பது அவர் பயம், எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு அது விளங்கும். தேவைப்படுகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், இடம் சொல்கிறேன். இதை என் கணவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் போடுகிறேன்.

நாங்கள் போன காரணத்தை மறைத்தால் இந்த விமர்சனத்துக்கே பொருளில்லை. என் கணவருக்குத் தாம்பத்தியத்தில் ஒரு விருப்பம் இருக்கிறது. நான் அவர் கையைத் துணியால் கட்டிவிட வேண்டும், நான் சொல்வதை அவர் கேட்டு நடக்க வேண்டும். வேறு யாரும் அதில் இல்லை, யாருக்கும் காயமும் இல்லை. எனக்கு முதலில் புதினமாக இருந்தது, பிறகு பிடித்தும் விட்டது. அவருக்குத்தான் பாரம். மெதடிஸ்த குடும்பத்தில் வேதம் வாசித்து வளர்ந்த மனுசன், திருவிருந்து நாளில் எழுந்து போகாமல் வாங்கிலேயே குனிந்துகொண்டு இருந்துவிடுவார். பக்கத்தில் இருந்து அதைப் பார்ப்பது எனக்குத் தாங்காது.

முதலில் தெரிந்தவர்கள் சொல்லி ஒரு ஜெபவீட்டுக்குத்தான் போனோம். அங்கே தலையில் கைவைத்து, இது அசுத்த ஆவி, உபவாசம் இருங்கள் என்றார்கள். இருந்தார், மெலிந்ததுதான் மிச்சம். அதைவிடக் கொடுமை, அடுத்த கூட்டத்தில் ‘ஒரு சகோதரனுடைய இச்சைக்காக’ என்று சபைக்கு முன் ஜெபக் குறிப்பு வாசித்ததுதான். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தது எங்களைத்தான். நான் கத்தோலிக்கப் பிள்ளை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியில் சொல்லக்கூடாது, திருச்சபைச் சட்டம் 983இல் அப்படியே இருக்கிறது. அந்தக் காவல் இல்லாத இடத்தில் ஒரு மனுசனின் படுக்கையறையைப் பற்றிக் கேள்வி கேட்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த நிலையத்தில் எனக்கு முதலில் பிடித்ததும் அந்தக் காவல்தான். பதிவுக் கொப்பியில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். குறிப்புகள் இரும்பு அலுமாரிக்குள், சாவி அந்த அம்மாவின் கழுத்துச் சங்கிலியில். நாங்கள் உள்ளே போனதும் எழுந்து போய் வெளி வாங்குக்குப் பக்கத்தில் இருக்கிற ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டு வந்து இருந்தார். சுவர் மெல்லிசு, மகள், என்றார். அந்த ஒரு செயலிலேயே என் கணவருக்கு வாய் திறந்தது.

மூவருமாகக் கதைத்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்களுக்கும் இது விருப்பமா, இல்ல அவர் மனம் நோகக்கூடாதெண்டு செய்றீங்களா?” என்று கேட்டார். ஜெபவீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி. நான் விருப்பம் என்றேன், உடனே நம்பிவிடாமல் சுற்றிச் சுற்றி வேறு விதமாகவும் கேட்டார். நான் அடிமைப்பட்டுப் பயத்தில் சொல்கிறேனா என்று பார்க்கிறார் என்று பிறகுதான் விளங்கியது, அந்த நிதானத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த அம்மா விசுவாசி. மேசையில் பென்சில் கோடு நிறைந்த வேதாகமம். எங்களை வருத்திக்கொண்டிருந்த எபிரெயர் 13:4ஐத்தான் எடுத்து என் கணவரிடம் நீட்டி, “முழுசா வாசிங்க மகன்” என்றார். விவாகமஞ்சம் அசுசிப்படக்கூடாது என்ற இடத்தில் இவர் எப்போதும் நின்றுவிடுவார். மீதியை வாசித்தால் அங்கே நியாயத்தீர்ப்பு விபசாரக்காரருக்கும் வேசிக்கள்ளருக்கும்தான், ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்கிற தம்பதிக்கு இல்லை. பிறகு 1 கொரிந்தியர் 7. மனைவியின் உடம்பில் கணவனுக்கு இருக்கிற அதிகாரம் கணவனின் உடம்பில் மனைவிக்கும் உண்டு என்று பவுல் எழுதுகிறார், ஜெபத்துக்காகப் பிரிந்திருப்பதென்றாலும் இருவரும் சம்மதித்துத்தான். அதற்காக எல்லாம் சரி என்று தலையாட்டுகிறவர் இல்லை. மூன்றாம் ஆளைக் கொண்டுவருவது, ஒருவர் வேண்டாம் என்ற பிறகும் தொடர்வது, இரண்டும் பாவம்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

மருத்துவப் பக்கத்தையும் விடவில்லை. இப்படியான விருப்பங்கள் முன்பு நோய்ப் பட்டியலில் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இலிருந்து நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 என்ற புதிய நோய்ப் பட்டியலில், சம்மதத்தோடு இருவருக்குள் நடப்பதை நோய் என்று எழுதுவதை எடுத்துவிட்டார்கள். இதைக் கேட்டதும் இவர் அழுதுவிட்டார். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை என்று ஒரு விசுவாசியின் வாயிலிருந்து கேட்க அவருக்கு அவ்வளவு தேவையாக இருந்திருக்கிறது. அப்புறம், யார் சொன்னாலும் அந்த நொடியே நிறுத்துகிற ஒரு சொல்லை இருவரும் முன்கூட்டியே பேசிவைக்கச் சொன்னார், இறுக்கிக் கட்டுவதால் கை விறைப்பது பற்றியும் கூச்சமில்லாமல் விளக்கினார்.

குறைகளும் இருக்கின்றன. காத்திருக்கிற வாங்கு வீதியில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது, ஒரு திரை போட்டாலே போதும். மாலையில் இல்லை, வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட்டுத்தான் வர வேண்டும். ஒரு தடவைக்கு 1,500 ரூபாய், எல்லாருக்கும் கட்டாது, ஆனால் இல்லாதவர்களிடம் கேட்பதில்லை என்று அறிந்தேன்.

யுத்தமும் சுனாமியும் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கண்ட ஊர் என்பதால் உளவளத்துணை இங்கே புதிய விசயமில்லை. ஆனால் அது இழப்புக்கும் குடிக்கும் அடிதடிக்கும் என்றே பழகிவிட்டோம். இந்த விசயத்துக்குப் போக ஒரு இடம் இல்லாமல் எத்தனை வீடுகள் தவிக்கின்றனவோ. தன் பாலினத்தின் மேலேயே ஈர்ப்புள்ள பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம், அப்படியான உறவைக் குற்றமாக்குகிற தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளின் பயமும் சேர்ந்துகொள்கிறது. அப்படியானவர்களையும் தான் மாற்ற முயல்வதில்லை, விசுவாசத்தைவிட்டுத் துரத்துவதும் இல்லை என்று அவரே சொன்னார்.

தனியாகவும் போகலாம், சோடியாகத்தான் வர வேண்டும் என்றில்லை. முன்கூட்டியே கோல் எடுத்து நேரம் வாங்குங்கள், காலை முதல் நேரத்தைக் கேளுங்கள், வாங்கில் காத்திருக்க வேண்டி வராது. உயிரை மாய்க்கும் எண்ணம் வருகிற அளவுக்கு மனம் உடைந்திருந்தால் அதுவரை பொறுக்க வேண்டாம், தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு இப்போதே எடுங்கள்.