238 டாலருக்கு வந்த துணிப்பை: துப்பாக்கி உறை வாங்கவிருக்கும் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த சனிக்கிழமை துப்பாக்கிப் பயிற்சிக் களத்தில், தோட்டா எதுவும் இல்லை என்று மூன்று முறை சரிபார்த்த என் கைத்துப்பாக்கியை, நான் புதிதாக வாங்கியிருந்த உறைக்குள் செருகி, குழல்வாய் இலக்கை நோக்கி இருக்கும்படி மேசைமேல் வைத்த பயிற்றுநர் அம்மையார், உறையின் வெளிப்புறத் துணியை ஒரே விரலால் அழுத்தினார். உள்ளே விசை (ட்ரிகர்) பின்வாங்கி 'டக்' என்று விழுந்தது. அதே உறையில் அதே துப்பாக்கியைத் தோட்டா நிரப்பி வைத்து, இடுப்பின் முன்பக்கத்தில், குழல்வாய் தொடையின் பெரிய இரத்தக்குழாயைப் பார்த்தபடி இருக்க, நான் ஆறு நாட்கள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஏற்பாட்டுக்கு நான் கொடுத்த விலை 238 டாலர். அது திரும்பி வராது என்பது இன்று காலை உறுதியாகிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில், பெட்ரோல் நிலையத்தோடு சேர்ந்த சிறிய கடை ஒன்றை நானும் என் கணவரும் நடத்துகிறோம். இரவு 11 மணிக்குக் கதவை அடைத்து, அன்றைய ரொக்கத்தோடு வண்டி வரை நடப்பது பெரும்பாலும் நான்தான். சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் கடையில் ஜனவரியில் கொள்ளை நடந்த பிறகு, நானும் ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலே அதை உடன் எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் நான் 40 டாலர் கட்டணம் கட்டி, வகுப்பில் உட்கார்ந்து, சுட்டுக் காட்டி, உரிமம் வாங்கிக்கொண்டேன். (வேலை விசாவில் இருக்கும் தோழிகள் என்னைப் பார்த்துக் கிளம்பிவிட வேண்டாம். மிகச் சில விதிவிலக்குகள் தவிர, உங்களைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. நான் குடியுரிமை பெற்ற பிறகே வாங்கினேன்.)

வாங்கியது க்ளாக் 43எக்ஸ். காலியான மேகசினோடு (தோட்டாக் கூடு) சேர்த்து அரை கிலோவுக்குச் சற்று அதிகம். இந்தத் துப்பாக்கியில் கட்டைவிரலால் தள்ளி அடைக்கும் பூட்டு கிடையாது. வெளியில் இருக்கும் ஒரே பாதுகாப்பு விசையின் நடுவில் பதித்த ஒரு சிறு நெம்புகோல்தான், விசையோடு அதுவும் அழுந்தினால் சுட்டுவிடும். ஆகவே விசையை எதுவும் தொடாமல் மூடிக் காப்பது முழுக்க முழுக்க உறையின் வேலை. எனக்கு இது தெரிந்தே இருந்தது. தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் ஆறவில்லை.

முதலில் பக்கத்து ஊர்த் துப்பாக்கிக் கடையில் இரண்டு உறைகளை அணிந்து பார்த்தேன். இரண்டும் ஆண்களின் உடலுக்காகச் செய்தவை. என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். இடுப்புக்கும் விலா எலும்புக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்தால் அதிகம். வலப்பக்க இடுப்பில் உறையை வைத்தால், கீழே இடுப்பெலும்பு அகன்று வெளியே தள்ளுவதால், துப்பாக்கியின் அடிப்பகுதி வெளியே போய், மேலே பிடி விலாவில் வந்து குத்துகிறது. ஆண்களுக்கு இடுப்பு ஏறக்குறைய நேராக இறங்குவதால் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. உருவி எடுக்க முழங்கையை அக்குள் வரை தூக்க வேண்டியிருந்தது. போதாததற்கு நான் கடையில் அணிவது லெக்கிங்ஸும் குர்த்தியும். லெக்கிங்ஸில் பெல்ட் கோக்க வளையம் இல்லை. குர்த்தியின் பக்கப் பிளவு காற்றில் விலகினால் இடுப்பில் இருப்பது ஊருக்கே தெரியும். கடைக்காரர் நல்லவர்தான், ஆனால் 'ஜீன்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்' என்பதைத் தவிர அவரிடம் யோசனை இல்லை.

இந்த நேரத்தில்தான் அந்த இணையக் கடையின் விளம்பரம் கண்ணில் பட்டது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கறிஞர் செலவு என்ன ஆகும் என்று கணவர் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார். சமூக ஊடகத்தில் மட்டும் வியாபாரம் செய்யும், கடைவாசல் இல்லாத, 'பெண்களுக்காகப் பெண்களே செய்வது' என்று சொல்லிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தம் பார்த்துச் சொல்லும் ஆலோசகர் ஒருவர் காணொளி அழைப்பில் நாற்பது நிமிடம் பேசினார். கல்லா முன்னால் எத்தனை மணி நேரம் உட்காருவேன், பால் பெட்டிகளைக் குனிந்து தூக்குவேனா என்றெல்லாம் கேட்டார். பிறகு, கொஞ்சம் தயங்கி, 'அடிவயிற்றில் அறுவை சிகிச்சைத் தழும்பு ஏதாவது இருக்கிறதா, அந்த இடத்தில் பட்டை அழுத்தக் கூடாதே' என்று கேட்டார். எனக்குச் சிசேரியன் தழும்பு உண்டு. பேண்ட் வாங்கும் கடையிலோ, துப்பாக்கி வாங்கிய கடையிலோ, ஏன், என் வீட்டில்கூட யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்றை முகம் தெரியாத ஒருத்தி கேட்கிறாளே என்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த ஒரு கேள்விக்குத்தான் 238 டாலர் கொடுத்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது.

அவர் சொன்ன ஏற்பாடு இதுதான்: பெல்ட் இல்லாத உடைக்கு வயிற்றுப்பட்டை ஒன்று, அதில் பொருத்த, 43எக்ஸ் துப்பாக்கிக்கென்றே அச்செடுத்த கைடெக்ஸ் ஓடு கொண்ட உறை ஒன்று, ஜீன்ஸ் அணியும் நாட்களுக்கு விறைப்பான பெல்ட் ஒன்று. உறை 144, பட்டை 70, பெல்ட் 50, ஆக 264 டாலர். கிரெடிட் கார்டுக்குப் பதிலாக வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பினால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்றார். 237 டாலர் 60 சென்ட் அனுப்பினேன். மிச்சப்படுத்திய 26 டாலரை நினைத்து மகிழ்ந்தது வேறு.

கைடெக்ஸ் என்பது சூட்டில் இளகி, அழுத்திய வடிவை எடுத்துக்கொண்டு, ஆறியதும் விறைத்துவிடும் பிளாஸ்டிக் தகடு. உறைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் வருகிறது. ஒழுங்காகச் செய்த உறையில் துப்பாக்கியைச் செருகினால், விசையைச் சுற்றியுள்ள விசைவளையம் பள்ளத்தில் மாட்டி 'கிளிக்' என்று உட்காரும். தலைகீழாகப் பிடித்து ஆட்டினாலும் விழாது. மூன்று வாரம் கழித்து எனக்கு வந்ததில் உடலை ஒட்டிய பக்கத்தில் மட்டும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைத் துணிக்குள் வைத்துத் தைத்திருந்தார்கள். வெளிப்பக்கம் வெறும் இழுபடும் துணி. கையை உள்ளே விட்டால் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. அதுதான் கைடெக்ஸ் என்று நம்பிக்கொண்டேன். புதிதாக வாங்குகிறவளுக்கு வேறென்ன தெரியும்? உள்மடிப்பில் 'பல அளவுகளுக்குப் பொருந்தும்' என்று ஒரு சிறு சீட்டு தைத்திருந்ததை அப்போது நான் பார்க்கவே இல்லை.

முதல் நாளே உட்கார்ந்தவுடன் பிடி விலாவில் ஏறியது. தழும்பின் மேல் பட்டை சரியாக வந்து அமர்ந்து, மாலைக்குள் சிவந்துவிட்டது. எழுதிக் கேட்டேன். புதுச் செருப்பு கடிப்பது போலத்தான், இரண்டு வாரம் பழகினால் சரியாகும் என்று பதில் வந்தது. நான்காம் நாள் வீட்டில் காலித் துப்பாக்கியை உருவிப் பழகியபோது, துப்பாக்கியோடு உறையும் சேர்ந்து கையில் வந்துவிட்டது. பட்டையில் அதைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் அரை அங்குலம்கூடக் கவ்வவில்லை. அதற்கு, நான் பட்டையை இறுக்கிக் கட்டவில்லை என்றார்கள். தழும்பைப் பற்றிக் கேட்டவர் எங்கே, அவரிடமே பேசுகிறேன் என்றேன். அவர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டாராம். பதிலுக்கு வந்த புதியவர், பட்டை ஒத்துவரவில்லை என்றால் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் எங்களிடம் 60 டாலரில் ஓர் உள்ளுறை இருக்கிறது என்றார். ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில் 2014 டிசம்பர் 30 அன்று, கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாயின் கைப்பைக்குள், துப்பாக்கிக்கென்றே தைத்த அறைக்குள், இரண்டு வயதுக் குழந்தை கையை விட்டுத் தாயையே சுட்டுக் கொன்றுவிட்டது. பள்ளி விட்டதும் என் கல்லாவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் ஆறு வயது மகன் எனக்கு இருக்கிறான். இதை எழுதினேன், புன்னகைக்கும் முகம் ஒன்றை மட்டும் அனுப்பினார்கள்.

சனிக்கிழமை களத்தில் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். பயிற்றுநர் இன்னொன்றையும் காட்டினார். துப்பாக்கியை வெளியே எடுத்ததும் உறையின் வாய் சப்பையாக மூடிக்கொள்கிறது. திரும்பச் செருக வேண்டுமானால் இடக்கை விரல்களால் வாயை விரித்துப் பிடிக்க வேண்டும். அதாவது, நம் விரல்களின் குறுக்கே குழல்வாயைக் கொண்டுபோக வேண்டும். மடிந்த துணி விசைவளையத்துக்குள் நுழைந்தால் உள்ளே தள்ளும்போதே வெடிக்கும். "இதை யார் உங்களிடம் விற்றது?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக்கூடக் காத்திராமல், இதோடு இனி என் களத்துக்குள் வராதீர்கள் என்றார். வெட்கமாக இருந்தது, ஆனால் அவர் சொன்னது நியாயம்.

அன்றிரவே, காலித் துப்பாக்கியில் துணிக்கு மேலிருந்து விசை அழுந்துவதைக் காணொளியாக எடுத்து அனுப்பினேன். வேறு கோணத்தில் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுக்கச் சொன்னார்கள், அதையும் செய்தேன். அதற்கடுத்த கேள்வியை அதிகாலை இரண்டு மணிக்கு அனுப்பிவிட்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நான் பதில் எழுதவில்லை என்று புகாரை மூடிவிட்டார்கள். மறுபடி திறக்கச் சொன்னதற்கு, உடலோடு ஒட்டி அணியும் பொருள் என்பதால் சுகாதாரக் காரணங்களுக்காகத் திரும்பப் பெறுவதில்லை என்று இன்று காலை பதில் வந்தது, அடுத்த முறை வாங்க இருபது விழுக்காடு தள்ளுபடிச் சீட்டோடு. என் உயிரைப் பற்றி எழுதிய கடிதத்துக்குத் தள்ளுபடிச் சீட்டு!

வங்கியில் கேட்டேன். நீங்களே உங்கள் கையால் அனுப்பிய பணம், இதில் நாங்கள் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணக்கு அறிக்கை வந்த 60 நாட்களுக்குள் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவித்திருக்கலாம். 26 டாலர் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு 238 டாலரையும் விட்டேன். மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்கும், கூட்டரசு வணிக ஆணையத்துக்கும் புகார் எழுதிவிட்டேன்; அவர்கள் பணம் வாங்கித் தருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எந்த உறை யாருக்கு நல்லது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். கடை திறக்க இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது. உங்கள் துப்பாக்கியின் மாதிரிப் பெயர் குறிப்பிடாத உறையை வாங்காதீர்கள். விசைவளையத்தின் இரு பக்கமும் கெட்டியான ஓடு மூடியிருக்க வேண்டும்; காலித் துப்பாக்கியை வைத்து வெளியிலிருந்து அழுத்திப் பாருங்கள். துப்பாக்கியை எடுத்த பின்னும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். பிடி விலாவில் குத்தினால், உயரத்தையும் சாய்வையும் மாற்றக்கூடிய உறையைக் கேளுங்கள். முன்பக்கம் அணிகிறவர்களுக்கு, குழல்முனைப் பக்கம் ஒட்டும் சிறு பஞ்சுத் திண்டு பிடியை உடலோடு சாய்த்துக் கொடுக்கிறது, என் பயிற்றுநர் அதைத்தான் முதலில் வாங்கச் சொன்னார். நேரடி வங்கிப் பரிமாற்றம் வேண்டவே வேண்டாம்.

ஒரு பக்கமாவது வெறும் துணியாக இருக்கும் உறையை இதைப் படிக்கும்போதே யாராவது அணிந்திருந்தால், துப்பாக்கியை அதிலிருந்து உருவாதீர்கள், திரும்பச் செருகவும் செய்யாதீர்கள். குழல்வாய் யாரையும் பார்க்காதபடி, விசைப் பக்கம் கை படாமல், துப்பாக்கி உள்ளே இருக்கும்படியே உறையைப் பட்டையோடு கழற்றிப் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். அதன் பிறகு பொறுமையாகத் தோட்டாவை இறக்கிக்கொள்ளலாம்.