பஸ் ஓட்டுநர், கால் சென்டர் ஊழியர்: யாருக்கு அதிக மன உறுதி வேண்டும்?

நகரத்தில் பஸ் ஓட்டுபவருக்கு நெரிசல், சிக்னல், திடீரென்று குறுக்கே புகுந்துவிடும் பைக், இதற்கெல்லாம் நடுவில் நேர அட்டவணை வேறு. ஒரு நொடி கவனம் சிதறினாலும் உயிர் போகலாம் என்ற நினைப்போடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டாலும் அவர் வேலை கெடாது.

கால் சென்டரில் அந்தச் சலுகையே கிடையாது. கண்டபடி திட்டுகிறவரிடமும் குரல் மாறாமல் பேச வேண்டும், போனை வைத்ததும் அடுத்த அழைப்பு வந்துவிடும், பேசுவது பதிவாகும், ஓர் அழைப்புக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கும் உண்டு. மனதில் ஒன்று, குரலில் ஒன்று என்று நாள் முழுக்க இருப்பதைத்தான் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் 'உணர்ச்சி உழைப்பு' என்று விளக்கினார்.

வேலைப்பளு அதிகமாகவும் முடிவெடுக்கும் சுதந்திரம் குறைவாகவும் இருந்தால் மன அழுத்தம் கூடும் என்று பணி அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979இல் சொன்னது இரண்டு பேருக்குமே பொருந்தும். சரி, யாருக்குக் கஷ்டம் அதிகம்? என்னைக் கேட்டால் கால் சென்டர்தான். ஓட்டுநரின் களைப்பு ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும், போனில் பேசியே ஓய்ந்துபோனவரை 'இதுகூடத் தாங்க முடியாதா' என்று கேட்டுவிடுகிறார்கள். அது நியாயமே இல்லை. சமாளிக்கப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தால் வருவதுதான் பர்ன் அவுட், அதாவது அடியோடு ஓய்ந்துபோகும் நிலை என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் வரையறுத்திருக்கிறது. ஓட்டுநருக்கு ட்ரிப்புகளுக்கு நடுவே உண்மையான ஓய்வு வேண்டும், அப்புறம் கால் சென்டர் ஊழியருக்கு, மோசமாகத் திட்டுபவரின் அழைப்பைத் துண்டிக்கும் உரிமையும், அதற்குப் பிறகு மூச்சு விட ஐந்து நிமிடமும் வேண்டும்.