கணுக்கால் மறுபடி மடங்காமலிருக்க: டேப்பா, பயிற்சியா, பிரேஸா?

வாலிபாலில் பிளாக் போட எழும்பி இறங்கும்போது எதிராளியின் பாதத்தின் மேல் கால் விழுகிறது. பாதம் உட்புறமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் இழுபடும் அல்லது கிழியும். கணுக்கால் சுளுக்குகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். வீக்கம் வடிந்து, ஓட முடிந்து, மறுபடி ஆடப் போகலாம் என்ற கட்டத்தில் வரும் கேள்வி பற்றித்தான் இங்கே பேச்சு: டேப் சுற்றுவதா, பயிற்சி செய்வதா, பிரேஸ் (கணுக்காலைச் சுற்றி ஷூவுக்குள் இறுக்கி மாட்டும் கெட்டியான உறை) போடுவதா? ஒருமுறை மடங்கிய கணுக்கால் மறுபடி மடங்க வாய்ப்பு அதிகம், அதிலும் முதல் ஒரு வருடம்.

எலும்பு முறியவில்லை என்பது முதலில் உறுதியாக வேண்டும். அடிபட்டதும் நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொட்டின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலித்தாலோ, சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளியோரமாகப் பின்னால் வந்தால் நடுவில் புடைத்து நிற்கும் எலும்பில் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்காமல் மேலே போகக் கூடாது.

கிரேப் பேண்டேஜைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அது வீக்கத்தை அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். காலுறை மாதிரி இழுத்து மாட்டும் எலாஸ்டிக் உறையும் அப்படியே. கால் மடங்கும் வேகத்தில் இரண்டும் ஒன்றும் செய்யாது.

டேப் என்பது இங்கே இழுத்தால் நீளாத வெள்ளை ஜிங்க் ஆக்சைடு டேப். கலர் கலராக ஒட்டும் எலாஸ்டிக் டேப் வேறு, அதை இதற்கு நம்ப வேண்டாம். தெரிந்தவர் போட்டால் முதல் பத்து நிமிடம் டேப்பை மிஞ்ச ஒன்றுமில்லை. பிடி கச்சிதம், ஷூவுக்குள் இடமும் அடைக்காது. ஆனால் இருபது முப்பது நிமிடம் ஓடி வியர்த்ததும் அந்தப் பிடியில் கணிசமான பங்கு தளர்ந்துவிடும். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், உடல் களைத்து கால் தடுமாறும் நேரத்தில், டேப்பும் களைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் போட்டுவிட ஒரு கை தெரிந்த ஆள் வேண்டும். ஒரு கணுக்காலுக்கு முறையாகப் போட்டால் ரோலில் பாதி வரை போய்விடும். வாரம் நாலு நாள் பயிற்சி என்றால் செலவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் மேலேறும் தடித்த நாணின் மேல் தோல் கொப்பளிப்பது தனிக்கதை.

பேலன்ஸ் பயிற்சிக்குக் காசே வேண்டாம். சுளுக்கில் போவது தசைநார் மட்டுமல்ல. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மந்தமாகிறது. அதைச் சீர்செய்யத்தான் இந்தப் பயிற்சி. வாரம் மூன்று நாள், எட்டு வாரம். முதல் இரண்டு வாரம் ஒற்றைக் காலில் 30 விநாடி, மூன்று முறை. தள்ளாட்டம் நின்றதும் கண்ணை மூடி அதையே. அடுத்து மடித்த தலையணை மேல் நின்று, சுவரில் பந்தெறிந்து பிடிப்பது. கடைசியில் ஒற்றைக் காலில் முன்னும் பக்கவாட்டிலும் குதித்து, இறங்கிய இடத்தில் அசையாமல் நிற்பது. கூடவே குதிகாலைத் தூக்கி இறக்குவது, 15 தடவை, மூன்று சுற்று. இதில் பழுது ஒன்றே ஒன்றுதான்: மூன்றாவது வாரம் வலி போய்விடும், வலியோடு பயிற்சியும் போய்விடும்.

என் சாய்வு லேஸ் கட்டும் பிரேஸ் பக்கம். காரணமும் இதுவேதான்: எது நல்லது என்பதைவிட, எதை ஒரு வருடம் விடாமல் செய்வார்கள் என்பது. பிரேஸை மாட்ட இரண்டு நிமிடம் போதும், யார் தயவும் வேண்டாம், தளர்ந்தால் இடைவேளையில் இறுக்கிக்கொள்ளலாம். நெதர்லாந்தில் சுளுக்குப் பட்ட 384 விளையாட்டுக்காரர்களை மூன்றாகப் பிரித்து ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2014-ல் வெளியானது. பயிற்சி மட்டும் செய்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு மறுபடி சுளுக்கியது. பிரேஸ் அணிந்தவர்களில் 15 சதவீதம். எட்டு வாரம் இரண்டையும் செய்தவர்களில் 19. இரண்டும் சேர்ந்தது ஏன் ஜெயிக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம், அந்தக் குழு எட்டு வாரத்தோடு பிரேஸைக் கழற்றிவிட்டதாக இருக்கலாம். பிரேஸ் குழு ஒரு வருடம் அணிய வேண்டியிருந்தது. இத்தனைக்கும் மூன்று குழுவிலும் சொன்னபடி முழுக்கச் செய்தவர்கள் குறைவுதான்.

"பிரேஸ் போட்டால் கால் பலவீனமாகிவிடும், முட்டிக்குப் பாரம் ஏறும்" என்று பயமுறுத்துவார்கள். அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் 1,460 பேரிடம் நடந்து 2011-ல் வந்த ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. முட்டிக் காயம் கூடவில்லை. ஆனால் பிரேஸையும் மீறி மடங்கியவர்களுக்குக் காயத்தின் தீவிரம் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரேஸ் சரியில்லை என்று தூக்கிப்போடுபவர்களில் பலர் அளவிலோ கட்டுவதிலோ கோட்டை விட்டவர்கள். ஷூ நம்பரை மட்டும் வைத்து வாங்காதீர்கள். அந்தக் கம்பெனி அட்டவணை கேட்கும் இடத்தில் இஞ்ச் டேப்பால் சுற்றளவு எடுங்கள், வீக்கம் முழுக்க வடிந்த பிறகு. கட்டும்போது உட்கார்ந்து, பாதம் கீழ்க்காலுக்குச் செங்குத்தாக, குதிகாலைப் பின்னால் அழுத்தி வைத்து, லேஸைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். பிறகு குறுக்குப் பட்டைகள். பாதத்துக்கு அடியில் போய் வெளிப்பக்கமாக மேலேறும் பட்டையைத்தான் கூடுதலாக இழுக்க வேண்டும், பாதம் உள்ளே மடங்குவதைத் தடுப்பது அதுதான்.  விரல் மரத்துப்போனால் தளர்த்துங்கள்.

உள்ளே நீளமான காட்டன் காலுறை, மடிப்பில்லாமல். ஷூ இறுக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் இன்சோலை (அடி அட்டையை) எடுத்துப் பாருங்கள். அப்போதும் குதிகால் எழும்பினால் அரை சைஸ் பெரிய ஷூதான் வழி. துவைக்கும்போது வெல்க்ரோவை ஒட்டிவிட்டுத் துவையுங்கள், இல்லையென்றால் நூலெல்லாம் அதில் சிக்கி ஒட்டும் தன்மை போய்விடும். நிழலில் காயட்டும். வெல்க்ரோ விட்டுப்போனாலோ, பட்டை நீண்டு தொய்ந்தாலோ, லேஸ் ஓட்டை கிழிந்தாலோ மாற்றிவிட வேண்டும்.

கபடியில் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். மேட் விரிப்பில் ஷூவோடு ஆடுபவர்களுக்கு மேலே சொன்னது பொருந்தும். மண் களத்தில் வெறுங்காலோடு ஆடினால் பிரேஸின் அடிப்பாகம் வழுக்கும், மண் புகுந்து தோலை உரசும். அங்கே டேப்பும் பயிற்சியும்தான் கைகொடுக்கும், பயிற்சியை எட்டு வாரத்தோடு நிறுத்தாமல் வார்ம்-அப்பிலேயே சேர்த்துவிடலாம்.

மூன்று மாதம் ஆகியும் சமதரையில் நடக்கும்போதே கால் பிடிவிட்டுப் போகிறது, அல்லது வலி மொட்டுக்குக் கீழே இல்லாமல் மேலே, இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கிறது என்றால், பிரேஸ் வாங்குவதற்கு முன் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.