ஹாங்காங்கில் மருத்துவக் காப்பீடு: அரசுச் சான்று பெற்றதா, பழைய வகையா?

என் கணவருக்கு 49 வயதில் பெருங்குடல் எண்டோஸ்கோபி செய்யச் சொன்னார் டாக்டர். காலையில் போனோம். மயக்க மருந்து கொடுத்து, உள்ளே இருந்த சின்னக் கட்டி ஒன்றை எடுத்தார்கள். மத்தியானம் கஞ்சி குடிக்க வீட்டுக்கு வந்துவிட்டார். பில் 16,400 ஹாங்காங் டாலர். பன்னிரண்டு வருடமாகத் தவறாமல் பிரீமியம் கட்டிவந்த பாலிசி இருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் இருந்தோம். மூன்று வாரம் கழித்து வந்த கடிதத்தில் ஒரே ஒரு பத்தி: ஆஸ்பத்திரியில் இரவு தங்கிச் சிகிச்சை பெறாததால் இந்தச் செலவு பாலிசிக்குள் வராது. பாலிசியை எடுத்துப் பார்த்தால், 14ஆம் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. நாங்கள்தான் அதுவரை படிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இரண்டு கட்டுக் காகிதங்களை அருகருகே விரித்தேன். ஒன்று எங்கள் பழைய பாலிசி, அதாவது அரசுச் சான்று இல்லாத தனியார் வகை; பழைய வகை என்று நான் சொல்வது இதைத்தான். இன்னொன்று, எல்லோரும் வி.எச்.ஐ.எஸ். என்று சொல்கிற, அரசுச் சான்று பெற்ற தன்விருப்ப மருத்துவக் காப்பீட்டின் மாதிரி ஒப்பந்தம். அதன் பிறகு இங்கே இருக்கிற நம்மவர்கள் நிறையப் பேர் இதைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "அக்கா, இது அரசாங்கமே கொடுக்கிற இன்சூரன்ஸாமே?" என்று எங்கள் கட்டடத்துத் தம்பி ஒருவர் கேட்டார். இல்லை. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மாதிரி அரசு பிரீமியம் கட்டுகிற ஏற்பாடு கிடையாது. விற்பதும் தனியார் நிறுவனம், கிளெய்மை முடிவு செய்வதும் அதே தனியார் நிறுவனம். அரசின் சுகாதாரத் துறை செய்வது ஒன்றுதான்: குறைந்தபட்சம் இன்னின்ன இருக்க வேண்டும் என்று விதி வகுத்து, அதற்குள் அடங்குகிற திட்டத்துக்குச் சான்று கொடுக்கிறது. 2019 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கியது. இதில் இரண்டு வகை. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் பலன்கள் ஒரே மாதிரி இருப்பது ஸ்டாண்டர்ட். அந்த அடித்தளத்தின் மேல் நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி கூடுதலாகச் சேர்ப்பது ஃபிளெக்ஸி.

இங்கே அரசு ஆஸ்பத்திரி இருக்கும்போது இன்சூரன்ஸ் எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதுதான். 2026 ஜனவரி 1 முதல் கட்டணம் ஏறிய பிறகும் அரசு ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு ஒரு நாளைக்கு 300 டாலர்தான். மாரடைப்பு, விபத்து என்றால் அங்கேதான் போக வேண்டும், நன்றாகவே பார்ப்பார்கள். ஆனால் முட்டி வலி, கண்புரை, குடலிறக்கம் மாதிரி உயிருக்கு உடனே ஆபத்து இல்லாத எதற்கும் வரிசை நீளம். சிலவற்றுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் என்பது அந்த வரிசையிலிருந்து விலகி நிற்க நாம் கொடுக்கிற விலை.

சரி, எண்களுக்கு வருவோம். விற்பவர்கள் முதலில் காட்டுவது வருடாந்திர உச்சவரம்பை. ஸ்டாண்டர்டில் அது 4,20,000 டாலர். வாழ்நாள் வரம்பு கிடையாது. பழைய வகை பாலிசிகள் பலவற்றில் வாழ்நாளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு கோடு உண்டு. அந்த வகையில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் 4,20,000 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கிளெய்மைத் தீர்மானிப்பது அதற்குக் கீழே வரிவரியாக இருக்கிற சின்ன வரம்புகள்தான். அறைக்கு ஒரு நாளைக்கு 750. சிகிச்சை தரும் டாக்டர் வந்து பார்க்க நாளைக்கு 750. மருந்து, கட்டு உள்ளிட்ட இதர செலவுகளுக்கு வருடத்துக்கு 14,000. அறுவைச் சிகிச்சை நிபுணரின் கட்டணம் நான்கு படியாக இருக்கிறது: சின்னது 5,000, நடுத்தரம் 12,500, பெரியது 25,000, சிக்கலானது 50,000. மயக்க மருந்து நிபுணருக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் அதில் ஆளுக்கு 35 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 'பெரியது' என்ற வகையில் வருகிற ஓர் அறுவைச் சிகிச்சைக்கு டாக்டர் 60,000 கேட்கிறார். ஸ்டாண்டர்ட் கொடுப்பது 25,000. மீதி 35,000 நம் கையிலிருந்து. மயக்க மருந்துக்கு 8,750, தியேட்டருக்கு 8,750, அதற்கு மேல் போவதும் நம் கையிலிருந்தே. உச்சவரம்பில் மூன்று லட்சம் மிச்சம் இருந்தாலும் அதை இந்த வரிக்கு எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். புற்றுநோய்க்கான கீமோ, கதிர்வீச்சு, புற்றுநோய்ச் செல்களைக் குறிவைத்துத் தாக்கும் இலக்கு மருந்து எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80,000. புதிய இலக்கு மருந்துகளில் சில மாதத்துக்கே பல பத்தாயிரம் ஆகும். ஸ்டாண்டர்டின் பலவீனமான இடம் என்று நான் நினைப்பது இதைத்தான். சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன்களுக்கு வருடத்துக்கு 20,000 உண்டு, ஆனால் பில்லில் 30 சதவீதம் நாம் போட வேண்டும்.

இந்த இடத்தில் பழைய வகையின் உயர்தரத் திட்டங்கள் தெளிவாக முன்னால் நிற்கின்றன. வரிவரியாக வெட்டாமல் முழு பில்லையும் கொடுப்பவை அவற்றில் உண்டு. ஆனால் ஃபிளெக்ஸியிலும் இப்போது அதே மாதிரி முழு பில் கொடுக்கிற திட்டங்கள் வந்துவிட்டன. ஆகவே பெரிய பில் என்ற காரணத்துக்காக மட்டும் சான்று இல்லாத திட்டத்துக்குப் போக வேண்டிய தேவை குறைந்துவிட்டது. ஒரே எச்சரிக்கை, அறையின் தரம். பொது வார்டுக்கு என்று வாங்கிய ஃபிளெக்ஸியை வைத்துக்கொண்டு தனி அறையில் படுத்தால், அறை வாடகையோடு நிற்காமல் மொத்தத் தொகையிலும் வெட்டு விழும் திட்டங்கள் இருக்கின்றன.

எங்களைக் கடித்த விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. சான்று பெற்ற திட்டம் எதுவானாலும், இரவு தங்காமல் கிளினிக்கிலோ பகல் நேர மையத்திலோ செய்கிற சிகிச்சைகளையும் ஏற்க வேண்டும். எண்டோஸ்கோபி அதில் வரும். எங்கள் 16,400 டாலர் பில்லின் பெரும்பகுதி அதில் கிடைத்திருக்கும்.

இனி, என் பார்வையில் இரண்டுக்கும் உள்ள நிஜமான வித்தியாசம். இன்சூரன்ஸ்காரர்களோடு வருகிற சண்டைகளில் கசப்பானது ஒன்று உண்டு. பாலிசி எடுத்து இரண்டு வருடம் கழித்து ஒரு நோய் தெரியவருகிறது. "இது பாலிசி எடுக்கும் முன்பே உங்கள் உடம்பில் இருந்திருக்கும்" என்பார்கள். இருந்திருக்கலாம். ஆனால் நமக்குத் தெரியாதே. பழைய வகை ஒப்பந்தங்கள் பலவற்றில் 'தெரியாமல் இருந்தது' என்பதற்கு மரியாதை கிடையாது. வி.எச்.ஐ.எஸ்.-இல் இதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது நமக்குத் தெரியாமல் இருந்த நோய்க்கு முதல் வருடம் எதுவும் கிடையாது. இரண்டாம் வருடம் 25 சதவீதம், மூன்றாம் வருடம் 50 சதவீதம், நான்காம் வருடத்திலிருந்து முழுவதும். பிறவிக் குறைபாடும் எட்டு வயதிலோ அதற்கு மேலோ கண்டுபிடிக்கப்பட்டால் உள்ளே வருகிறது. எத்தனை பேருக்கு முப்பத்தைந்து வயதில் ஸ்கேன் எடுக்கும்போதுதான் இதயத்தில் ஓட்டை இருப்பது தெரியவருகிறது!

தெரிந்த நோயை மறைக்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே 'இல்லை' என்று டிக் போட்டால், பாலிசியே செல்லாமல் போகலாம்.

அடுத்தது புதுப்பிப்பு. சான்று பெற்ற திட்டத்தில் 100 வயது வரை புதுப்பிக்க உத்தரவாதம் உண்டு. இடையில் உடம்பு கெட்டது, நிறைய கிளெய்ம் செய்தீர்கள் என்பதற்காக உங்களை மட்டும் தனியாகப் பிடித்து பிரீமியம் ஏற்றவோ வெளியேற்றவோ முடியாது. பழைய வகையில் இது பாலிசிக்குப் பாலிசி மாறும். சிலவற்றில் உண்டு, சிலவற்றில் நிறுவனத்தின் விருப்பம். அதற்காக பிரீமியம் ஏறாது என்று நினைத்துவிடக் கூடாது. வயது கூடக் கூட ஏறும், மருத்துவச் செலவு கூடினால் எல்லோருக்கும் சேர்த்து ஏற்றுவார்கள். ஆனால் ஒவ்வொரு வயதுக்கும் என்ன பிரீமியம் என்ற பட்டியலை நிறுவனங்கள் வெளியே போட்டாக வேண்டும். வாங்கும் முன் உங்கள் இன்றைய வயதுக்கான வரியோடு 70, 75 வயது வரிகளையும் பாருங்கள். நான் பார்த்தேன். இப்போது கட்டுவதைப் போலப் பல மடங்கு. ஓய்வுக்குப் பிறகு கட்ட முடியுமா என்று இன்றே யோசிக்க வேண்டிய தொகை அது.

எல்லோரையும் சேர்த்துக்கொள்வார்களா? இந்த இடத்தில் அரசுத் திட்டம் தன் ஆரம்பக் கனவிலிருந்து இறங்கிவிட்டது. 2014 டிசம்பரில் கலந்தாலோசனைக்கு வைத்தபோது, நோயாளிகளையும் மறுக்காமல் சேர்க்க வேண்டும், அதற்கென அதிக ஆபத்துள்ளவர்களுக்குத் தனி நிதித்தொகுப்பு வேண்டும் என்றெல்லாம் இருந்தது. கடைசி வடிவத்தில் அது இல்லை. ஆகவே வி.எச்.ஐ.எஸ்.-இலும் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கூடுதல் பிரீமியம் கேட்கலாம், குறிப்பிட்ட நோயை விலக்கலாம். பழைய வகையிலும் இதே கதைதான். யாருக்கு இன்சூரன்ஸ் மிகவும் தேவையோ அவர்கள்தான் இரண்டிலும் வாசலில் நிற்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

வரிச் சலுகையைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் அது அவ்வளவு பெரிதில்லை. காப்பீடு பெறும் ஒருவருக்கு வருடத்துக்கு 8,000 டாலர் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். தனக்கு, துணைவருக்கு, பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கு என எத்தனை உறவினர்களுக்கும் எடுக்கலாம். மிக உயர்ந்த படியான 17 சதவீதத்தில் வரி கட்டுபவருக்குக் கூட ஒரு தலைக்கு மிச்சமாவது 1,360 டாலர். அப்புறம், பெற்றோரிடம் ஹாங்காங் அடையாள அட்டை இருக்க வேண்டும். திருச்சியிலும் தஞ்சாவூரிலும் இருக்கிற அப்பா அம்மாவுக்கு இது பொருந்தாது. பழைய வகைக்கு எந்தச் சலுகையும் இல்லை.

நம்மவர்களுக்கு உதவுகிற வேறு ஒன்று இருக்கிறது. மனநலச் சிகிச்சை தவிர மற்றவற்றுக்கு ஸ்டாண்டர்ட் உலகம் முழுக்கச் செல்லும். ஹாங்காங்கில் போதாத அந்த 25,000 டாலர் அறுவைச் சிகிச்சைக் கட்டணம் சென்னையிலோ மதுரையிலோ வெகுதூரம் போகும். ஊரில் போய் ஆபரேஷன் செய்துகொள்ளும் பழக்கம் உள்ள குடும்பங்களுக்கு ஸ்டாண்டர்டே போதுமானதாக இருக்கலாம். ஆனால் போகும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் மூலப் பிரதியாக வேண்டும்.

பழைய வகை எங்கே ஜெயிக்கிறது? பிரசவம். வி.எச்.ஐ.எஸ். அடிப்படையில் பிரசவமும் அது சார்ந்த சிக்கல்களும் கிடையாது. காய்ச்சல் தலைவலிக்கு டாக்டரைப் பார்ப்பது, பல் வைத்தியம், இதெல்லாமும் அதன் அடிப்படையில் இல்லை. குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடுகிற இளம் தம்பதிக்கு பிரசவம் சேர்ந்த தனியார் திட்டம்தான் பொருத்தம், அதுவும் காத்திருப்புக் காலத்தைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே வாங்கினால். இரண்டு மூன்று வருடத்தில் வேறு நாட்டுக்கு மாறிப் போகிறவர்களுக்கும் சர்வதேசத் திட்டமே வசதி.

ஆபீஸ் கொடுக்கிற குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறது, வேறெதற்கு என்பவர்களுக்கு: வேலை போனால் அதுவும் போகும். ஐம்பத்தெட்டு வயதில், ரத்த அழுத்தத்தோடு, புதிதாக விண்ணப்பிக்கிற நிலை வரக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது டிடக்டிபிள் வைத்த ஃபிளெக்ஸி. டிடக்டிபிள் என்றால் பில்லின் முதல் பங்கு நம்முடையது. உதாரணமாக 25,000 என்று வைத்தால், 1,50,000 பில்லில் அந்த முதல் 25,000-ஐ ஆபீஸ் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். மீதி 1,25,000 ஃபிளெக்ஸியில். பிரீமியம் கணிசமாகக் குறையும். ஓய்வு பெறும் வயதை ஒட்டி, உடல்நிலையை மறுபடி கேட்காமல் டிடக்டிபிளைக் குறைக்க ஒரு முறை அனுமதிக்கிற திட்டங்கள் உண்டு. அந்த ஷரத்து இருக்கிறதா என்று தேடிப் பார்த்து வாங்குங்கள்.

நானும் பிள்ளைகளும் அப்படி ஒரு ஃபிளெக்ஸிக்கு மாறிவிட்டோம். எந்த விலக்கும் இல்லாமல் கிடைத்தது. கணவர் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. எடுத்த கட்டியின் பரிசோதனை அறிக்கையைக் கேட்டார்கள், கொடுத்தோம். சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் பெருங்குடல் சார்ந்த சிகிச்சைகளுக்கு விலக்கு. அந்த எண்டோஸ்கோபிக்கு ஒரு வருடம் முன்னால் மாறியிருந்தால் இந்த விலக்கு வந்திருக்காது. நல்லவேளையாக, புதியது கையில் வந்து, வேண்டாமென்றால் திருப்பிக் கொடுக்கத் தருகிற 21 நாள் முடிகிறவரை பழையதை நிறுத்தக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். இப்போது பெருங்குடலுக்காகப் பழைய பாலிசி, மற்றதெல்லாவற்றுக்கும் புதியது என்று அவருக்கு மட்டும் இரண்டுக்கும் கட்டுகிறோம். அடுத்த எண்டோஸ்கோபி சுத்தமாக வந்தால் விலக்கை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவைத்திருக்கிறேன். சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன்.