கடலோர லாட்ஜில் ஹீட் பம்ப்: ஐந்து சீசன் ஓட்டிய அனுபவம்

கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்குக் கரண்ட் பில்லில் பெரிய அடி ஏசி என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். பராமரிப்பு பார்க்கிறவனிடம் கேட்டால் வெந்நீர் என்பான். சூரிய உதயம் பார்க்க வருகிற அத்தனை பேரும் விடிய நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் குளிப்பார்கள். விரதத்தில் இருக்கும் ஐயப்ப சாமிமார் பலர் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிடுவதால் அவர்களால் நமக்குச் செலவில்லை. டிசம்பரில் வரும் ஸ்கூல் டூர் பஸ்களும் குடும்பங்களும்தான் தொட்டியைக் காலி செய்வார்கள்.

முன்பு ரூமுக்கு ஒரு 2 கிலோவாட் கெய்சர் இருந்தது. முப்பது ரூமில் ஒரே நேரத்தில் சுவிட்ச் போட்டால் 60 கிலோவாட். வர்த்தக இணைப்பில் யூனிட் கட்டணம் போக, அனுமதித்த லோடுக்கு கிலோவாட் கணக்கில் நிலைக் கட்டணமும் உண்டு. விடியற்காலை ஒரு மணி நேரக் கூத்துக்காக மாதம் முழுக்கப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். அதனால்தான் மட்டுப்பாவில், அதாவது மொட்டை மாடியில், ஹீட் பம்பும் பெரிய தொட்டியும் வைத்தோம்.

கணக்கு எளிது. இங்கே தொட்டித் தண்ணீர் சுமார் 27 டிகிரியில் இருக்கும். நூறு லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற கெய்சருக்கு 3.8 யூனிட் வேண்டும். ஹீட் பம்ப் காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கடத்துகிறது, ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி. நல்ல நிலையில் இருந்தால் அதே வேலையை சுமார் 1.3 யூனிட்டில் முடிக்கும். ஊட்டியில் குளிர்காலத்தில் இந்தத் திறன் இறங்கும். நம் ஊரில் மார்கழியிலும் காற்று வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. 45 டிகிரியில் வைத்தால் இன்னும் மிச்சமாகுமே என்று சிலர் சொல்வார்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும், அது நுரையீரலைத் தாக்கும். தொட்டி 60-ல் இருக்கட்டும், ரூமில் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கட்டும்.

நல்ல நிலையில் இருந்தால் என்று சொன்னேன் அல்லவா, விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஆனியில் மேல்காற்று பிடித்தால் ஆவணி தாண்டியும் விடாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை சுற்றும் அதே காற்று, இங்கே கடலலையின் உப்பையும் வாரிக்கொண்டு வந்து மெஷினின் முகத்தில் அடிக்கிறது. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈர உப்பு படிந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். பராமரிக்காத பழைய ஏசி ஒன்றின் பின்பக்கத் தகட்டை விரலால் தொட்டுப் பாருங்கள், சாம்பல் மாதிரி உதிரும். அந்தத் தகடுதான் சூட்டைக் கடத்த வேண்டியது. அது போய்விட்டால் மெஷின் ஓடும், சத்தமும் சரியாகத்தான் இருக்கும். கரண்ட் யூனிட் மட்டும் ஏறும். ஐந்து ஸ்டார் ஸ்டிக்கர் அப்படியே பளபளவென்று ஒட்டியிருக்கும்.

ஏசி பார்க்க வரும் பையன் ஒருமுறை, "அண்ணே, கேஸ் போயிருக்கு, நிரப்பிரட்டா?" என்றான். "கேஸ் தானா போகாது மக்கா, ஓட்டைய முதல்ல காட்டு" என்றேன். குழாய் வளைவில் பச்சைக் களிம்பு பூத்த இடத்தில் சோப்பு நுரை வைத்ததும் கொப்புளம் கிளம்பியது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவது அடுத்த மாதமும் அவனை வரவழைக்கும் வழி, அவ்வளவுதான்.

ஹீட் பம்பை மாடிப்படி அறைச் சுவரின் கிழக்குப் பக்கம், மேல்காற்று நேராக அடிக்காத இடத்தில் வைத்திருக்கிறோம். மறைவு என்றால் அடைசல் இல்லை. சுற்றிலும் இடம் விடாவிட்டால் அது விட்ட குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு திணறும். வாரம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுகிறோம். கார் கழுவும் பிரஷர் பம்பு வேண்டாம், தகடு மடங்கிவிடும். போல்ட்டுகளை 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றினோம். 304 ரகம் கூடக் கடலோரத்தில் பழுப்பு பிடிக்கிறது. போர் தண்ணீரின் சுண்ணாம்பு உள்ளே படிவதால் வருடத்துக்கு ஒருமுறை தொட்டியைத் திறந்து, துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மெக்னீசியம் கம்பியையும் பார்த்துவிட வேண்டும்.

விற்ற கம்பெனி சர்வீஸ் சுமார்தான். ஹீட் பம்பின் கன்ட்ரோல் போர்டு போனபோது ஸ்பேர் வர நாளாகும் என்று கைவிரித்துவிட்டார்கள். அதுவும் சீசன் நேரத்தில். அப்போது கைகொடுத்தது தொட்டியில் இருந்த பேக்கப் காயில், கெய்சரில் இருப்பது போலக் கரண்டில் சூடேறும் கம்பிச் சுருள்.

இன்னொன்று. மெஷினைவிடக் குழாய் முக்கியம். வராந்தாக் கடைசி ரூமில் வெந்நீர் வருவதற்குள் ஒரு வாளி தண்ணீர் வீணாகும், கெஸ்டும் ரிசப்ஷனுக்குப் போன் போடுவார். குழாயில் ஆறிய தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பும் ரிட்டர்ன் லைன் போட்டு, சின்ன பம்பை டைமரில் விடியற்காலை மட்டும் ஓடவிட்டு, குழாய்க்கு இன்சுலேஷன் சுற்றிய பிறகுதான் அந்தப் புகார் நின்றது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. சோலார் ட்யூப் ஹீட்டர் எங்களுக்கு ஒத்துவரவில்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம், மேகம் மூடினால் காயில்தான் ஓடுகிறது. பிஎல்டிசி ஃபேன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், 75 வாட் எடுத்த இடத்தில் 30 சொச்சம்தான் எடுக்கிறது. ரூம் கார்டைச் சொருகினால்தான் கரண்ட் வரும் கீகார்டு சுவிட்ச் போட்டோம், கெஸ்டுகள் பழைய விசிட்டிங் கார்டைச் சொருகிவிட்டு ஏசியை ஓடவிட்டுப் படகுத்துறைக்குப் போகிறார்கள். அதற்கு இன்னும் மருந்து கிடைக்கவில்லை.

பத்து ரூமுக்குள் இருக்கும் லாட்ஜ் என்றால் இந்த முதலீடு வேண்டாம், நல்ல கெய்சரே போதும். அதற்கு மேல் என்றால் வாங்கலாம். வாங்குமுன், வாராவாரம் மாடிக்கு ஓஸ் பிடித்துக்கொண்டு ஏற ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.